பத்தோடு நிறுத்து! உறைந்த ஏரி சொல்லும் கணக்கு



கண்ணெதிரே சரக்கு குவிந்து கிடக்கிறது. எடுக்கக் கருவி கையில் இருக்கிறது. போட்டிக்கு ஆள் இல்லை. அந்த நேரத்தில் "போதும்" என்று எழுந்து போகிற மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? நாற்பது வருடமாக மொத்த வியாபாரத்தில் இருக்கும் நான் பார்த்ததில்லை. 2025 ஜனவரியில், உறைந்துபோன ஓர் ஏரியின் நடுவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இடம், அமெரிக்காவில் கனடா எல்லையை ஒட்டியுள்ள மினசோட்டா மாநிலம். அங்கே வேலை பார்க்கும் என் இளைய மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். "பத்தாயிரம் ஏரிகள்" என்று வண்டிகளின் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் மாநிலம் அது. குளிர்காலத்தில் அந்த ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து தரைபோல் ஆகிவிடும். நாமாக இருந்தால் வீட்டுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்போம். அவர்களோ ஏரியின் மேல் நடந்து போய், துளை போட்டு, அதற்குள் தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறார்கள்.

அப்படிப் பிடிக்கும் மீன்களில் ஒன்று 'கிராப்பி'. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக, வெள்ளி நிறத்தில் கரும்புள்ளிகளோடு தட்டையாக இருக்கும். வெண்மையான, மென்மையான சதை. மாவில் புரட்டிப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள்.

மீன் நிற்கும் இடம்

என் மகனின் பக்கத்து வீட்டுப் பெரியவர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு மாலை எங்களை அழைத்துப் போனார். நான் தூண்டில் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் அமர்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"அப்பா, பயப்படாமல் வாங்க. கார் கூடப் போகுது பாருங்க" என்றான் மகன். ஆனாலும் கால் கூசியது. தெளிந்த, புதிய பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். கார் போக அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டிக்குப் பலம் பாதிதான். பெரியவர் எங்களுக்கு முன்னால் நடந்து, ஆங்காங்கே துளை போட்டு அளந்து பார்த்த பிறகே எங்களை வரவிட்டார்.

தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. பனிக்கட்டியே மூடியாகிவிடுவதால் கீழே மீன்கள் உயிரோடு இருக்கின்றன. கரையோரச் செடிகள் மடிந்ததும் கிராப்பிகள் கூட்டமாக ஆழமான பள்ளத்துக்கு நகர்கின்றன. அங்கேயும் தரையில் படுப்பதில்லை. நடுத்தண்ணீரில் மிதந்தபடி நிற்கின்றன. அவை மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கும் மீன்கள். ஆகவே இரையை மீனுக்கு ஓரடி மேலே நிறுத்த வேண்டும். கீழே இறக்கினால் கண்டுகொள்ளாது. பொழுது சாயும் நேரத்திலும் இருட்டிய பிறகும்தான் நன்றாக இரை எடுக்கும்.

தூண்டில் கோல் இரண்டரை அடிதான். நூல் மிக மெல்லியது. கிராப்பியின் வாய் காகிதம் போல் மெலிதாக இருப்பதால் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். பனிக்கட்டித் துளைக்குள் இறக்கிய ஒரு கருவி, எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது என்பதை வண்ணக் கோடுகளாகத் திரையில் காட்டுகிறது. அன்று ஏரியின் ஆழம் அந்த இடத்தில் 38 அடி. 30 அடியில் சிவப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நின்றன. நம் கிட்டங்கியில் மூட்டை அடுக்கியிருப்பது போல எனக்குத் தோன்றியது.

பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பனிமேல் வைத்தார். பத்தாவது மீன் வந்ததும் நூலைச் சுருட்டிவிட்டார். மினசோட்டாவில் ஓர் ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய கிராப்பி பத்துதான், அது சட்டம். திரையிலோ இன்னும் சிவப்புக் கோடுகள்.

"பொழுதுபோக்காகப் பிடித்துத் தண்ணீரிலேயே திரும்ப விடலாமே?" என்று மகன் மூலமாகக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். 30 அடி ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஊதிவிடும். திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. "கணக்கில் வராத சாவு" என்றார். பிடிக்காமல் இருப்பதுதான் திரும்ப விடுவது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இரைக் கடையும் நம் கடையும்

திரும்பும் வழியில் ஒரு தூண்டில் இரைக் கடைக்குப் போனோம். நம் ஊர் மளிகைக் கடையைப் பார்த்தது போலவே இருந்தது. உரிமச் சீட்டு, நூல், முள், காலுறை, காப்பி, எரிவாயு உருளை, விறகுக்கட்டு எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் முக்கியச் சரக்கு உயிருள்ளது. தொட்டிகளில் சிறு மீன்குஞ்சுகள். குளிர்பெட்டியில் மரத்தூளோடு சிறு கிண்ணங்களில் மெழுகுப்புழுக்கள். குஞ்சுத் தொட்டிகளுக்கு இரவும் பகலும் காற்று செலுத்த வேண்டும். செத்ததை அவ்வப்போது எடுக்காவிட்டால் முழுத் தொட்டியும் கெடும். தக்காளி, வாழைப்பழம் விற்கும் நம் நண்பர்களுக்கு இந்தக் கவலை நன்றாகப் புரியும்.

கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "இந்த வருடம் பரவாயில்லை" என்று சொல்லி முந்திய குளிர்காலத்தைப் பற்றிப் பேசினார். 2023-24 குளிர்காலம் மினசோட்டாவின் வரலாற்றிலேயே மிகவும் வெப்பமானது. பல ஏரிகள் நம்பிக் கால் வைக்கிற அளவுக்கு உறையவில்லை. 2023 டிசம்பர் 29 அன்று வடக்கே மேல் ரெட் லேக் என்ற ஏரியில் பெரிய பனிப்பாளம் உடைந்து மிதக்கத் தொடங்கி, அதன்மேல் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியதாயிற்று. பருவம் போய்விட்டதால் சிறு வணிகர்களுக்கு மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் குறைந்த வட்டிக் கடன் அறிவித்தது. "கடன்தானே, வியாபாரம் இல்லையே" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ரெட் லேக்கில் நடந்தது

அந்த ரெட் லேக்கின் கதையை நம் வணிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மேல், கீழ் என்று இரண்டு ஏரிகள். சேர்ந்து இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல். கீழ் ஏரி முழுவதும், மேல் ஏரியில் பாதிக்கு மேலும் ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தம், மீதி மாநிலத்துக்கு.

அங்கே பேர்பெற்ற சரக்கு கிராப்பி அல்ல. 'வால்-ஐ' என்ற மீன். முதல் உலகப்போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டில், 1917ல் மாநில அரசு அங்கே விற்பனைக்காக மீன் பிடிக்கத் தொடங்கியது. 1929ல் பூர்வகுடி மக்களே தங்கள் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். பல பத்தாண்டுகள் நன்றாக நடந்தது. ஆனால் ஒரு பக்கம் வலை, இன்னொரு பக்கம் தூண்டில், இடையில் கள்ளச் சந்தை. எல்லோரும் எடுத்தார்கள், இருப்பை யாரும் சரிபார்க்கவில்லை. 1990களின் நடுவில் குஞ்சு பொரிக்கக்கூடத் தாய்மீன் போதாத நிலை வந்துவிட்டது. விதை நெல்லைக் குத்தித் தின்ற வீட்டின் கதை இது.

முதலில் விழித்துக்கொண்டவர்கள் அந்த மீனவர்களே. 1997ல் தங்கள் வணிக மீன்பிடிப்பைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். 1999ல் மாநிலமும் தன் பகுதியில் வால்-ஐ பிடிக்கத் தடை போட்டது. அதே ஆண்டில் இரு தரப்பும் மத்திய அரசின் பூர்வகுடிகள் துறையும் மீட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகளை விட்டார்கள்.

கடைக்காரர்கள் நிலை என்ன? ஏரியின் கிழக்குக் கரையில் வாஸ்கிஷ் என்ற சிற்றூர் உண்டு. விடுதி, இரைக் கடை, படகு வாடகை என்று மீன்பிடிக்க வருகிறவர்களை நம்பிய ஊர். முக்கியச் சரக்கே தடை என்றால் கல்லாப்பெட்டி என்ன ஆகும்?

அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. குஞ்சுகளைத் தின்னும் வால்-ஐ குறைந்திருந்ததால், 1995ல் பொரித்த கிராப்பிகள் ஏராளமாகப் பிழைத்திருந்தன. தடை வந்த சில வருடங்களுக்குள் அவை பெரிய மீன்களாகிவிட்டன. செய்தி பரவியதும், பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மேல் ரெட் லேக்கை நோக்கி வந்தார்கள். உறைந்த ஏரியின் மேல் கூடாரங்களும் வண்டிகளும் திருவிழாக் கூட்டம்போல் நின்றன. மூட வேண்டிய கடைகள் நிமிர்ந்தன.

ஆனால் அந்தச் சரக்கு ஏறக்குறைய ஒரே ஆண்டில் பிறந்த கூட்டம். பின்னால் அதே அளவுக்கு அடுத்த கூட்டம் வரவில்லை. கிராப்பியின் ஆயுளும் நீண்டதல்ல. பிடிபட்டது போக மீதி மூப்படைந்தது. 2005 வாக்கில் அந்த அலை ஓய்ந்துவிட்டது. 2006ல் வால்-ஐ மீண்டதும் தடை நீங்கியது. மாநிலப் பகுதியில் ஆளுக்கு இரண்டே மீன் என்ற கட்டுப்பாட்டோடு. ஏழு வருடம் கையைக் கட்டிக்கொண்டிருந்ததன் பலன் அது. நடுவில் வந்த கிராப்பி, அந்த ஏழு வருடத்தைத் தாண்டக் கிடைத்த பாலம். பாலத்தின்மேல் யாரும் வீடு கட்டிக் குடியிருக்க முடியாது.

நமக்குள் ஒரு பேச்சு

இதை எழுதும்போது என் சொந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. என் நாற்பதாவது வயதில் ஒரு வருடம் மல்லி விலை ஏறி, கையிருப்பில் நல்ல இலாபம் கண்டேன். அது என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். மறு வருடமும் அப்படியே ஏறும் என்று வட்டிக்கு வாங்கிக் கிட்டங்கியை நிரப்பினேன். விளைச்சல் பெருகி விலை விழுந்தது. அந்தக் கடனை அடைக்க ஐந்து வருடம் ஆயிற்று; வீட்டில் நகைகள் போயின. ரெட் லேக் கிராப்பியைப் போல ஒரே ஆண்டில் பிறந்த இலாபத்தை நான் நிரந்தர வருமானம் என்று எண்ணிவிட்டேன். அன்று யாராவது "பத்தோடு நிறுத்து" என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அதனால் நண்பர்களுக்கு, குறிப்பாக இப்போது கடையில் உட்காரும் இளைஞர்களுக்கு, மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, கல்லாவில் இருப்பதெல்லாம் நம் இலாபம் அல்ல. அதில் முதல் எவ்வளவு என்று தனியே எழுதி வையுங்கள். ரெட் லேக்கில் எடுப்பதற்குக் குறைவில்லை. எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு, எதிர்பாராமல் வந்த இலாபத்தைக் கடனை அடைக்கவும் கையிருப்பைத் திருத்தவும் பயன்படுத்துங்கள். அதை நம்பிப் புதுக் கடன் வாங்காதீர்கள்.

மூன்று, பொங்கல், தீபாவளி என்று ஒரே பருவத்தை நம்பும் கடை, பனிக்கட்டியை நம்பிய கடை போன்றது. ஒரு வருடம் மழையோ வேறெதுவோ பருவத்தைக் கெடுத்தாலும் தாங்குகிற அளவுக்கு அன்றாடச் சரக்கும் இருக்க வேண்டும்.

அன்று மாலை பெரியவர் கூடாரத்தைச் சுருட்டும்போது, கருவியின் திரையை எனக்குக் காட்டினார். 30 அடியில் கூட்டம் அப்படியே நின்றது. "இவ்வளவு விட்டுவிட்டுப் போகிறீர்களே?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மகனிடம் ஏதோ சொன்னார்.

"என்னப்பா சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"அடுத்த குளிர்காலத்துக்குச் சரக்கு இருக்கு என்று தெரிந்துதான் வீட்டுக்குப் போகிறாராம், அப்பா."

அவர் திரையை அணைத்தார். நாங்கள் பனிமேல் நடந்து கரைக்கு வந்தோம்.