தலைப்பேனும் வைத்தியசாலையும்

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பது அற்ப விடயத்தைப் பெரிதாக்குபவரைக் குறித்து நம்மவர் வழங்கும் பழமொழி. பேனைப் பற்றியே கட்டுரை வரையப் புகுந்த நாமும் அப்பழிக்கு ஆளாகக்கூடும். ஆயினும் பேன் அற்பமானதேயன்றி, அதனை ஒழிக்க நாம் கையாளும் முறைகள் யாவும் அற்பமானவையல்ல.

துணுக்காயில் மாலை வேளைகளில் தாயொருத்தி மகளைத் திண்ணையில் இருத்திப் பேன் பார்ப்பது புதிய காட்சியன்று. வகுப்பிலே ஒரு புத்தகத்தை மூன்று பிள்ளைகள் தலையோடு தலை முட்டப் படிக்கும்போது, பேன் சாவகாசமாக ஒரு கூந்தலிலிருந்து மறு கூந்தலுக்கு நடந்து செல்கின்றது. அதற்குப் பறக்கவும் தெரியாது, பாயவும் தெரியாது. நெருக்கமே அதற்குப் பாலம். 2008 இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோருடன் நெருங்கி வாழ்ந்த எம்மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் பேன் வறுமையின் அடையாளமன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும், 3 முதல் 11 வயது வரையான பிள்ளைகளிடையே ஆண்டுதோறும் 60 இலட்சம் முதல் 120 இலட்சம் வரையானோருக்குப் பேன் தொற்றுவதாக மதிப்பிட்டுள்ளனர்.

பேனால் கொடிய காய்ச்சல் வரும் என்ற அச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. தூனிசு நகரில் டைபசுக் காய்ச்சலை ஆராய்ந்த சாள்ஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் ஒரு புதுமையைக் கண்டார். வைத்தியசாலை வாசல்வரை பிறருக்குத் தொற்றிய நோய், நோயாளியைக் குளிப்பாட்டி அவருடைய உடையைக் களைந்தபின் எவருக்கும் தொற்றவில்லை. உடையில் வாழும் பேனே நோயைக் காவுகின்றது என்பதை 1909 இல் அவர் நிறுவினார். 1928 இல் நோபல் பரிசும் பெற்றார். (நாம் நெருப்புக் காய்ச்சல் என்னும் தைபோயிட் இதனின் வேறானது.) நம் பிள்ளைகளின் தலையில் வாழும் பேனோ அத்தகைய நோய் எதனையும் பரப்புவதாக அறியப்படவில்லை.

அவ்வாறாயின் பேனால் வைத்தியசாலைக்குச் சுமை எங்ஙனம் வருகின்றது? சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ்ப்பிடித்து, கழுத்தில் நெறி கட்டிய பிள்ளைகள் வெளிநோயாளர் பிரிவிற்கு வருகின்றனர். இது சிறிய சுமை. பெரிய சுமை எமது கைவைத்தியத்தால் விளைவது. வளவில் நிற்கும் அன்னமுன்னா மரத்தின் விதையை அரைத்துத் தலையில் பூசுவர் சிலர். அவ்விழுது ஒரு துளி கண்ணிற் பட்டாலும் கருவிழியின் மேற்படை சிதைந்து, பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கமாட்டாமல் துடிக்கும். உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக் கண் வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். மண்ணெண்ணெய் பூசிய தலையோடு அடுப்படியில் நிற்பது எத்துணை ஆபத்து! எல்லாவற்றிலும் கொடியது, வயலுக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தைத் தலையில் தடவுதல். நெல் விளையும் ஊர்களில் அப்போத்தல் எளிதிற் கைக்கெட்டும். அந்நஞ்சு தோலினூடாகவே உடலிற் கலந்து, வாயில் நீர் ஒழுகி, மூச்சுத் திணறச் செய்யும். மல்லாவி வைத்தியசாலைக்கு ஓடவேண்டியது அப்போதுதான், பேனுக்காக அன்று.

மருந்து வேண்டுமெனில் வைத்தியரைக் கேட்டு, பேனுக்கென்றே செய்யப்பட்ட பெர்மெத்திரின் போன்றதைப் பூசலாம். அது உயிர்ப்பேனைக் கொல்லுமேயன்றி ஈரை முற்றாக அழிப்பதில்லை. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாட்கள் செல்லுமாதலின், ஒன்பதாம் நாளளவில் மறுமுறை பூசுதல் அவசியம். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். மருந்துக்கு மசியாத பேன்களும் இன்று உலகெங்கும் பெருகிவிட்டன. சீப்புக்கு மசியாத பேன் இல்லை. தலையை நனைத்து எண்ணெய் பூசி, நெருங்கிய பல்லுடைய பேன்சீப்பால் மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் வாரவேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவரின் தலையையும் ஒரே நாளிற் பார்த்தல் வேண்டும்.

பேன் கண்ட பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறிப்பது தேவையற்றது என்பதே அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகத்தின் கருத்து. மாணவியை எழுப்பி நிறுத்தி, பலர் முன்னிலையில் "உன் தலையில் பேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடையே இன்றும் உளர். அப்பிள்ளை மறுநாள் வரமாட்டாள். பேனோ பக்கத்து வாங்கில் அவளுடைய தோழியின் தலையில் இருக்கும்.