‘புரொவனன்ஸ்’: ஒரு பொருள் கடந்துவந்த வழி

ஒரு பழம்பொருள் எங்கே உருவானது, யார் யாரிடம் இருந்தது, எவ்வாறு கைமாறியது என்ற முழு விபரத்தையும் குறிக்கும் சொல் ‘புரொவனன்ஸ்’. ‘ஓரிடத்திலிருந்து வருதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ‘பூர்வீகம்’ என்றால் தொடக்கம் மட்டுமே விளங்கும். ‘கைமாறிய வரலாறு’ என்பதே இதற்கு நெருக்கமானது.

1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடினர். அப்போது எடுத்துச் செல்லப்பட்ட, மாணிக்கக் கற்கள் பதித்த சிறு பீரங்கி நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. அது கொள்ளைப் பொருளே என்பதை ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைக் கொண்டு நிறுவினர். 2023 டிசெம்பரில் வேறு ஐந்து பொருட்களுடன் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

தொல்லியலாளருக்குக் கண்டெடுத்த இடமும் முக்கியம். 1980 இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரை மிகச் சிறியது. ஆயினும் அது பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் கிடைத்தது என்பது பதிவாகியுள்ளது. அதனால்தான் யாழ்ப்பாணத்தின் தொன்மைக்கு அது சான்றாக நிற்கிறது. யாரோ தோண்டி விற்றிருந்தால் அதற்கு அந்தப் பெறுமதி இருந்திராது.

இடம்பெயர்ந்த எமது வீடுகளிலும் இது பொருந்தும். மிஞ்சியிருக்கும் காணி உறுதி, புகைப்படம், அம்மம்மாவின் செம்பு எதுவானாலும், யாருடையது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் கொண்டுவந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். சொல்லத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.