மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள்

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு என்பது பேருக்குத்தான். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்று ஒருவர் வந்து நின்றால், உட்கார்ந்திருந்த மூவரும் ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொள்வார்கள். நாலாவது ஆளுக்கு அரை சீட்டு கிடைத்துவிடும். நிற்பவர் தன் பையை முன்பின் தெரியாதவர் மடியில் வைப்பார். கைக்குழந்தையோடு ஏறியவரிடமிருந்து யாராவது ஒரு அக்கா குழந்தையை வாங்கிக்கொள்வார். பக்கத்து ஆளின் தினத்தந்தியில் நடுத்தாளை உருவிப் படிப்பதும், "எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க?" என்று விசாரிப்பதும் எண்பதுகளில் யாருக்கும் அத்துமீறலாகப் படவில்லை.

இந்த நெருக்கம் ஆதிகாலத்திலிருந்து வந்ததல்ல. யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்திருந்த நாடு இது. திண்ணையில் உட்காரக் கூடாது, டீக்கடையில் தனி கிளாஸ், சில தெருக்களில் செருப்போடு நடக்கக் கூடாது. தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்த முதலாளிகள் உண்டு. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். 1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. ஊருக்குள் பண்ணையார் வீட்டுத் திண்ணையை நெருங்க முடியாதவர், டிக்கெட் வாங்கியதும் பண்ணையார் மகனின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் நடந்த பெரிய மீறல்களில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

அதை எல்லோரும் மனதார ஏற்கவில்லை. 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, அந்தப் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள். கலவரம் மூண்டது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது.

இன்னொரு பக்கம், அந்த நெரிசலுக்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். கையில் ஊக்கோடு பஸ் ஏறியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்குப் பலியான பிறகுதான் அதற்கென்று தனிச் சட்டம் பிறந்தது. 2022இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பஸ்ஸில் முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது ஆகியவற்றையும் குற்றமாகச் சேர்த்தார்கள். "தள்ளி நில்லுங்க" என்று இன்று ஒரு பெண் உரக்கச் சொல்ல முடிகிறது. இது வந்தே தீர வேண்டிய மாற்றம்.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 2015இல் சென்னைக்கு மெட்ரோ வந்தது. குளுகுளு பெட்டியில் காதில் ஹெட்போனும் கையில் செல்போனுமாக ஆளுக்கொரு தீவாக உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் திரையை எட்டிப் பார்க்காமல் இருப்பது நாகரிகம்தான். ஆனால் பஸ்ஸில் காலியான சீட்டில் பையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதும், "தள்ளி உக்காருங்க" என்று கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பதும் எந்த நாகரிகம்?

பெண் கேட்கும் இடைவெளி அவள் உரிமை. அதைக் காக்க வேண்டும். சாதி கேட்கும் இடைவெளி வேறு. அது உடைக்கப்பட வேண்டியது, இன்னும் முழுதாக உடையவில்லை. தென்மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. அதைத் தடை செய்யச் சொல்லி 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் யார் உட்கார வந்தாலும் தள்ளி இடம் கொடுக்க நம் பிள்ளைகளை நாம்தான் பழக்க வேண்டும். பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.