மழையும் பனியும்: கடை ஷட்டரைக் காப்போம்

கடைக்குள் இருக்கும் சரக்குக்குக் காவல் ஷட்டர். அந்தக் காவலாளியை நாம் கவனிக்கிறோமா?

குளிர் நாடுகளில் கார் ஷெட் கதவின் கிரீஸ் இறுகிவிடும். அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நம் விருத்தாசலத்தில் அந்தத் தொல்லை இல்லை. 4 மீட்டர் இரும்பு 20 டிகிரி குளிர்ந்தாலும் சுமார் 1 மில்லிமீட்டர்தான் சுருங்கும். நமக்குப் பகை குளிரல்ல, ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் இரவு குளிர்ந்த தகட்டின் மேல் பனி நீராகப் படியும். இரண்டும் சேர்ந்தால் துருதான்.

பீங்கானுக்கு மெருகுப் பூச்சு எப்படியோ, இரும்புக்குப் பெயிண்ட் அப்படி. பூச்சு விட்ட இடத்தில் நீர் புகும். மழைக்கு முன்பே துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் பூசிவிட வேண்டும்.

மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல் உப்பு மூட்டையை ஷட்டரை ஒட்டி அடுக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துத் தகட்டை அரிக்கும். வாசல் தெளிக்கும் தண்ணீர் அடிப்பட்டையில் தேங்கினால் துணியால் துடைத்துவிடுங்கள்.

பக்கச் சட்டங்களில் பழைய கிரீஸோடு தெருப்புழுதி சேர்ந்தால் உப்புத்தாள் போல் தேய்க்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். அப்போது அருகில் விளக்கோ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நம் மாவட்டம் மறக்காது. பலத்த காற்று ஷட்டரின் நடுவை உள்ளே தள்ளும். தகடுகள் சட்டத்தை விட்டு வெளியே வரும். துருப்பிடித்து இளைத்த சட்டம்தான் முதலில் கைவிடும். ஆகவே சட்டத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பூட்டுக் கொண்டியையும் புயல் காலத்துக்கு முன் சோதியுங்கள். மோட்டார் ஷட்டர் வைத்திருப்போர், மின்சாரம் நின்றால் கையால் திறக்கும் வழியைக் கடைப் பையன்களுக்கும் காட்டி வையுங்கள்.

ஷட்டர் கனத்தால் ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கை போகும். அது மெக்கானிக் வேலை.

பொங்கல் வியாபாரத்தன்று கதவு திறக்காமல் நிற்பதைவிட, புரட்டாசியில் ஒரு நாள் கூலி கொடுப்பது மலிவு.