கோடை விருந்துக்கு ஒரு கனித்தட்டு

கோடைக்காலத்தில் இல்லம் தேடி வரும் விருந்தினருக்கு முதலில் அளிக்கத்தக்கது குளிர்ந்த நீர். அடுத்து அளிக்கத்தக்கது கனி. பலகாரமும் காப்பியும் பிறகு வரலாம். வெயிலில் நடந்து வந்தவருடைய உடல் எண்ணெயையும் மாவையும் விரும்புவதில்லை. நீர்ச்சத்தும் இனிப்பும் சிறிது புளிப்பும் சேர்ந்த பொருளையே நாடுகிறது.

பெங்களூரில் வாழும் நேயர்கள் இவ்வுண்மையைத் தெருவிலேயே காண்கிறார்கள். ஸ்ரீராமநவமியன்று இந்நகரில் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வருவோர் போவோர்க்கெல்லாம் வழங்கப்பெறுகின்றன. 1939-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீராமசேவா மண்டலியார் சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடத்தும் இசைவிழாவுக்குச் செல்பவர்கள், கச்சேரியோடு இந்தக் கோடை உணவுகளையும் நினைவில் வைத்திருப்பார்கள். கன்னட நண்பர்களின் இல்லங்களிலோ இன்னும் ஒன்று உண்டு. வாழைப்பழத்தையோ மாம்பழத்தையோ நறுக்கி, வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஏலமும் கூட்டிச் செய்யும் ‘ரசாயன’ என்பது அது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பெயருக்கேற்ப அது ரசம் நிறைந்த பண்டமே.

நமக்கும் இது புதிதன்று. சித்திரை முதல் நாளில் தட்டு நிறையக் கனிகளை அடுக்கிவைத்து விடியற்காலையில் அதன்மேல் கண்விழிக்கும் வழக்கம் கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் இன்றும் உண்டு. பழனியின் பஞ்சாமிர்தம் மலைவாழைப் பழத்தோடு சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே, ‘கனித்தட்டும் அதற்கு டிப்பும்’ என்று இக்காலத்து இளைஞர் சொல்லும்போது, அவர்கள் கேட்பது நம் வீட்டுப் பொருள்தான். அச்சொல்லைத் தமிழாக்கித் தரும்படி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான் அகராதியைப் புரட்டினேன். ‘தோய்ப்பு’, ‘அமிழ்ப்பு’ என்றெல்லாம் கிடைத்தன. இறுதியில் என் பாட்டியார் நாள்தோறும் வழங்கிய சொல்லே நினைவுக்கு வந்தது. “தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?” என்பார். அதைக் காட்டிலும் பொருத்தமான மொழிபெயர்ப்பு வேறில்லை. அதனை இங்கே ‘தொடுகறி’ என்றே வழங்குவேன்.

கனித்தட்டு எளிய பண்டமாகத் தோன்றுகிறது. அடுப்பு இல்லை, தாளிதம் இல்லை. ஆனால், நெருப்பைக் காணாத உணவு என்பதனாலேயே அதில் கவனம் மிகுதியாக வேண்டும். சமைத்த பொருளில் நம் பிழைகள் சிலவற்றை நெருப்பு பொறுத்துக்கொள்கிறது. நறுக்கிய கனிக்கு அத்தகைய காவல் இல்லை. இதனை நான் கற்றுக்கொண்டது என் வீட்டிலேதான்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு ராமநவமி மாலையில் பக்கத்து வீட்டாரை அழைத்திருந்தோம். வேலையை முன்னதாக முடித்துவிட வேண்டும் என்று காலை பத்து மணிக்கே தர்பூசணியையும் முலாம்பழத்தையும் பப்பாளியையும் நறுக்கி, ஈரத் துணியால் மூடி மேசைமேல் வைத்தேன். மாலை ஐந்து மணிக்குப் பரிமாறினோம். பார்வைக்கும் சுவைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அன்றிரவு பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று தேற்றினார்கள். அவ்வீட்டு அஜ்ஜி எங்களிடம் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு அவர்களுடைய வீட்டுக்கு நாங்கள் சென்றபோது, நாங்கள் அமர்ந்த பிறகே கத்தியை எடுத்து எங்கள் கண்ணெதிரே பழத்தை அரிந்தார். அதுவே எனக்குப் பாடமாயிற்று. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குப் பக்கத்து வீட்டாரே உறவினர். அவர்கள் நம்பி வாயில் இடும் உணவில் நாம் அசட்டை செய்தல் தகாது.

இனி, செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, கனிகளைத் தேர்ந்தெடுத்தல். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூர்ச் சந்தைக்குக் குறைவில்லை. பாதாமி, ரசபுரி, சிந்தூரா, மல்லிகா என மாம்பழங்கள் கோலார், ராமநகரப் பகுதிகளிலிருந்து வந்து குவிகின்றன. 1959-ஆம் ஆண்டில் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கமாகத் தோன்றி இன்று ‘ஹாப்காம்ஸ்’ என வழங்கும் நிறுவனத்தின் கடைகள் நகரின் பல பகுதிகளிலும் உள்ளன. புதிதாக வந்தவர்கள் பெயர்களைச் சற்று அறிந்துகொள்வது நலம். தர்பூசணி இங்கே ‘கல்லங்கடி’, முலாம்பழம் ‘கர்பூஜ’. ‘பரங்கி ஹண்ணு’ என்று கடைக்காரர் சொன்னால் நம் பரங்கிக்காயை எண்ணித் திரும்பிவிட வேண்டாம். அவர் பப்பாளியைக் கூறுகிறார்.

மாம்பழத்தில் சாறு மிக்க ரசபுரி பிழிவதற்கு உகந்தது. துண்டுகளாக நறுக்குவதற்குச் சதைப்பற்றுள்ள பாதாமியே ஏற்றது. தோல் முழுவதும் ஒரே சீரான மஞ்சள் நிறமாயிருந்தும் மணமின்றி, உள்ளே கெட்டியாக இருக்கும் பழத்தை ஐயுறுக. கால்சியம் கார்பைடு என்னும் கல்லால் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அதிலிருந்து எழும் வாயுவுடன் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப்பொருள்களின் கலப்பும் இருக்கக்கூடும் என்பதே காரணம். காய்களை வாங்கி வைக்கோலிலோ அரிசியிலோ புதைத்து வைத்த நம் முன்னோர் வழி இன்றும் பயன்படும். பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தால் விரைவில் பழுக்கும். கனிந்த பழம் தானாகவே எத்திலீன் என்னும் வாயுவை வெளியிட்டு அயலில் உள்ள காயையும் கனியச் செய்கிறது.

பதினைந்து பேருக்கு 2 கிலோ தர்பூசணி, 1 கிலோ முலாம்பழம், முக்கால் கிலோ பப்பாளி, நடுத்தர அளவில் 3 மாம்பழங்கள், அரை கிலோ திராட்சை போதுமானவை. தோலும் கொட்டையும் நீங்கியபின் ஆளுக்கு ஏறத்தாழ 200 கிராம் கிடைக்கும். இதற்கு மேல் வாங்கினால் மிஞ்சும். மிஞ்சிய நறுக்குப் பழத்தை மறுநாளுக்கு வைப்பதைவிட, நறுக்காத பழத்தை வைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, கழுவுதல். “தோலைச் சீவி எறியப்போகிறோமே, எதற்குக் கழுவுவது?” என்று பலர் எண்ணுகின்றனர். கத்தி தோலின் வழியாகவே உள்ளே செல்கிறது. தோலில் உள்ள மண்ணும் கிருமியும் அதனோடு சதைக்குள் புகுகின்றன. முலாம்பழத்தின் வலைபோன்ற தோலில் இவை எளிதாகத் தங்கும். 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பண்ணை ஒன்றிலிருந்து சென்ற முலாம்பழங்களின் வழியாக லிஸ்டீரியா என்னும் கிருமி பரவி 33 பேர் உயிரிழந்தனர். ஆகவே, பழத்தை முழுதாக வைத்தே ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்த பிறகே அரிய வேண்டும். சோப்பு வேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரம் கண்ட தண்ணீர்த் தட்டுப்பாடு நமக்கு நினைவிருக்கும். அத்தகைய நாளில் குடிநீரைச் செம்பில் எடுத்துச் சிறிது சிறிதாக ஊற்றிக் கழுவலாம். கீழே ஏனத்தில் விழும் நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். திராட்சையைக் கொத்தாக அன்றி உதிர்த்துக் கழுவுக. காம்புகளின் இடுக்கில் படிந்துள்ள மருந்துத் தூள் அப்போதுதான் பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவது, நறுக்குதல். வெங்காயமும் மீனும் நறுக்கிய பலகையைத் தவிர்த்துத் தனிப் பலகை வைத்துக்கொள்க. வாழை, கொய்யா, ஆப்பிள் ஆகியவை நறுக்கியவுடன் கறுப்பதற்குக் காரணம், அவற்றினுள் இருக்கும் நொதி ஒன்று காற்றோடு கலந்து வேலை செய்வதே. அரை லிட்டர் குடிநீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, துண்டுகளை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் புளிப்பு அந்நொதியை அடக்கும். நிறம் நெடுநேரம் மாறாது. தட்டிலுள்ள பழத்தின்மேல் முன்னதாகவே உப்பும் சர்க்கரையும் தூவுதல் கூடாது. அவை பழத்தின் உள்நீரை வெளியே இழுத்துவிடும். துண்டுகள் துவண்டு தட்டில் நீர் தேங்கும்.

எதை முதலில் நறுக்குவது, எதைக் கடைசியில் நறுக்குவது என்பதிலும் ஒரு முறை உண்டு. திராட்சை, அன்னாசி போன்ற புளிப்புக் கனிகளில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. புளிப்பே அவற்றுக்குக் காவல். தர்பூசணி, முலாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் புளிப்பு மிகக் குறைவு. எனவே கிருமிகளுக்கு அவை நல்ல விளைநிலம். நான் காலையில் நறுக்கிவைத்தவை இம்மூன்றுமே என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். இவற்றை விருந்தினர் வரும் தறுவாயில் கடைசியாக நறுக்குக. முன்னரே நறுக்க நேர்ந்தால் மூடியிட்ட ஏனத்தில் குளிர்ப்பெட்டியில் 5 பாகைக்கும் குறைந்த குளிரில் வைக்க. வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்தல் ஆகாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை. பெங்களூர் குளிர்ச்சியான ஊர் என்ற பழைய நம்பிக்கை இங்கே உதவாது. 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 பாகை வெப்பம் பதிவாயிற்று.

இனி, தொடுகறிகள். மூன்று வகை போதும்.

முதலாவது தயிரால் ஆனது. ஒரு லிட்டர் கெட்டித் தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியின்மேல் வைத்து, குளிர்ப்பெட்டியிலேயே நான்கு ஐந்து மணி நேரம் நீர் வடியவிட வேண்டும். கோடையில் வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். வடிந்த தயிரோடு மூன்று மேசைக்கரண்டி தேன், அரைத் தேக்கரண்டி ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கட்டியின்றிக் கடைந்தால் வெண்ணெய்போன்ற தொடுகறி கிடைக்கும். மராட்டியரின் ஸ்ரீகண்டத்திற்கு இது தங்கை முறை. வடிந்த நீரை மோரில் சேர்க்கலாம். அன்னாசியையும் பப்பாளியையும் மட்டும் இதில் முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டாம். அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். உண்ணும்போது தொட்டுக்கொள்வதில் குற்றமில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் ஊட்டலாகாது என்பதையும் தாய்மார்கள் நினைவில் கொள்க.

இரண்டாவது, கன்னட நாட்டு ரசாயனத்தின் வழிவந்தது. 100 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுக. ஒரு தேங்காயின் கெட்டியான முதற்பாலையும், மசித்த இரண்டு ஏலக்கி வாழைப்பழங்களையும், சிறிது சுக்குப்பொடியையும் அதில் கலக்குக. மசித்த வாழைப்பழமே இதற்குக் கெட்டித்தன்மை தருகிறது. பால், தயிர் உண்ணாதவர்களுக்கு இது ஏற்றது. தேங்காய்ப்பால் விரைவில் கெடுமாகையால் பரிமாறுவதற்கு ஒரு மணிக்கு முன்பே செய்க.

மூன்றாவது நீரில்லாத தொடுகறி. வறுத்த சீரகப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு ஆகியவற்றைச் சமமாகக் கலந்து சிறு கிண்ணத்தில் வைப்பதே. கிளிமூக்கு மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் இதற்கு இணை வேறில்லை. இந்நகரின் தள்ளுவண்டிக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த இரகசியம் இது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இனிப்புத் தொடுகறிகளை விடுத்து இதனை நாடலாம்; பழத்தின் அளவையும் மருத்துவர் சொன்னபடி சுருக்கிக்கொள்க.

கடைசியாக, அடுக்குதல். அகன்ற தாம்பாளத்தில் பனிக்கட்டியைப் பரப்பி, அதன்மேல் பழத்தட்டை வைக்க வேண்டும். கடையில் வாங்கிய பனிக்கட்டி எந்த நீரில் உறைந்ததோ நாம் அறியோம். ஆகவே அது தட்டின் அடியைத் தொடலாம், பழத்தைத் தொடலாகாது. நடுவில் தொடுகறிக் கிண்ணங்கள். சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம் என நிறம் மாறி மாறிக் கனிகள். எடுப்பதற்கு மூங்கில் குச்சிகளும், தொடுகறிக்குத் தனித்தனிக் கரண்டிகளும் வைக்க. ஒருவர் கடித்த துண்டை மீண்டும் பொதுக் கிண்ணத்தில் தோய்ப்பதைத் தவிர்க்க ஆளுக்கொரு சிறு கிண்ணம் கொடுத்துவிடுவது நல்ல ஏற்பாடு. தட்டு முழுவதையும் ஒருசேர நிரப்பாமல் பாதியை உள்ளே குளிரில் வைத்து, தீரத் தீரக் கொண்டுவருக.

எங்கள் பக்கத்து வீட்டு அஜ்ஜி இவ்வாண்டும் ராமநவமிக்கு எங்கள் இல்லம் வந்தார். அவர் அமர்ந்த பின்னரே கல்லங்கடியை அவர் முன்னே வைத்து அரிந்தேன். முதல் துண்டை எடுத்துத் தம் பேரக்குழந்தையின் கையில் கொடுத்தார். விருந்தளிப்பவனுக்கு அதனினும் பெரிய நற்சான்று வேறில்லை என்றே கருதுகிறேன்.