421 தடவை ஓடாதே மச்சி!

ஃபைனல் இயர் புராஜெக்ட் டெமோ. அஞ்சே அஞ்சு டம்மி ரெக்கார்டு. பட்டனைத் தட்டினா பக்கம் பளிச்னு வந்து நிக்குது. கைடு தலையாட்டுறார், கேங் கைதட்டுது. அதே சாஃப்ட்வேர்ல நிஜ டேட்டாவை ஏத்திப் பாருங்க... ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கும். புரோகிராம்ல ஒரு எழுத்துகூட மாறலை. பின்னே என்னாச்சு?

மேட்டர் இதுதான் பாஸ். புரோகிராம் எழுதும்போது நாம யோசிக்கிறது ஆப்ஜெக்ட்ல. டேட்டாபேஸுக்குத் தெரிஞ்சது டேபிள் மட்டும்தான். நடுவுல மொழிபெயர்ப்பாளர் வேலை பார்ப்பதுதான் ஓ.ஆர்.எம். ஜாவாவுக்கு 2001-ல் கேவின் கிங் ஆரம்பித்த ஹைபர்னேட், டாட் நெட்டுக்கு 2008-ல் வந்த என்டிட்டி ஃப்ரேம்வொர்க், பைத்தான் பக்கம் ஜாங்கோவோடு சேர்ந்தே வரும் ஓ.ஆர்.எம். எல்லாம் இந்த ஜாதிதான். எஸ்.கியூ.எல். எழுதாமலே வேலை முடியுதேன்னு நமக்கும் ஜாலி. ஆனா, அவர் பின்னாடி என்ன பண்றார்னு பார்க்கலைன்னா காலி!

கணக்குப் போடலாமா?

ஒரு கிளாஸ்ல 60 பேர். ஆளுக்கு 6 பேப்பர். பேப்பருக்கு 3 இன்டெர்னல் மார்க். மாணவர், அவருக்குள்ளே பேப்பர் பதிவு, அதுக்குள்ளே மார்க் என மூணு அடுக்கு. லூப்புக்குள் லூப் போட்டுப் பிரிண்ட் பண்றீங்க. 'கேட்டாத்தான் எடுப்பேன்' என்பது பல ஓ.ஆர்.எம்.களின் குணம். இதுக்குப் பேரு லேஸி லோடிங். மாணவர் பட்டியலுக்கு 1 கொயரி, ஒவ்வொருத்தர் பேப்பருக்கும் ஒண்ணுன்னு 60, ஒவ்வொரு பேப்பரின் மார்க்குக்கும் ஒண்ணுன்னு 360. மொத்தம் 421! டெமோவில் 5 பேர் இருந்தப்போ இது வெறும் 36. அதுவும் டேட்டாபேஸ் உங்க லேப்டாப்பிலேயே இருந்துச்சு. அதனாலதான் தெரியலை. டேட்டாபேஸ் வேற சர்வருக்குப் போய், ஒரு தடவை போய்வர 2 மில்லி செகண்ட்னு வெச்சாலும், போற வர்ற நேரமே 842 மில்லி செகண்ட். இது ஒரு ஆள் பார்க்கும்போது. ரிசல்ட் அன்னிக்கு 500 பேர் ஒரே நேரத்தில் திறந்தா?

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிட்டு வராம, ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி எடுக்க சமையல்கட்டுக்கு ஓடினா எப்படி இருக்கும்? அதேதான். இந்த வியாதிக்கு புரோகிராமர்கள் வைத்த பேரு 'என் பிளஸ் ஒன்'.

வாளியோடு வா!

மருந்து, ஈகர் லோடிங். 'எனக்கு எந்தெந்த அடுக்கு வேணும்'னு கொயரியிலேயே முன்கூட்டிச் சொல்லிடணும். ஜாங்கோவில் ப்ரிஃபெட்ச் ரிலேட்டட் கொடுத்து, உள் அடுக்கின் பேரை ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டுச் சேர்த்தா போதும். 421 கொயரி மூணாகிடும். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்ல முதல் அடுக்குக்கு இன்க்ளூட், அதுக்குள்ளே இறங்க தென்இன்க்ளூட். பக்கத்துக் கிளைக்குத் தாவணுமா? மறுபடி வேரிலிருந்து இன்க்ளூட் ஆரம்பிக்கணும். நிறைய பேர் முழிக்கிற இடம் இது.

அடுத்த கண்ணிவெடி

'எல்லாத்தையும் ஒரே ஜாயின்ல அள்ளிடலாமே!'ங்கிறீங்களா? மாணவர், பேப்பர், மார்க் மூணையும் ஜாயின் பண்ணினா 1,080 வரி. ஒவ்வொருத்தர் பேரும் 18 தடவை திரும்பத் திரும்ப வரும். பரவாயில்லை. கூடவே ஆளுக்கு 5 லைப்ரரி புத்தகத்தையும் அதே ஜாயின்ல சேர்த்தா? மார்க்குக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா, ஒவ்வொரு மார்க்கும் ஒவ்வொரு புத்தகத்தோடயும் ஜோடி சேர்ந்து 5,400 வரியா வந்து விழும்! நிஜத்தில் தேவை 1,080 மார்க்கும் 300 புத்தகமும்தான்.

ஹைபர்னேட்டில் இப்படி ரெண்டு லிஸ்ட்டை ஒண்ணா ஜாயின் ஃபெட்ச் பண்ணினா 'மல்டிபிள் பேக் ஃபெட்ச்'னு எர்ரர் கத்தும். உடனே லிஸ்ட்டை செட்டா மாத்தி வாயடைக்கிற பார்ட்டிகள் உண்டு. எர்ரர் போயிடும். 5,400 வரி போகாது!

சரியான வழி, கிளைக்கு ஒரு கொயரி. மாணவர், பேப்பர், மார்க், புத்தகம் என நாலு கொயரி, முடிஞ்சுது கதை. 2020-ல் வந்த என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5-ல் இதுக்காகவே ஆஸ்ஸ்ப்ளிட்கொயரி இருக்கு. ஜாங்கோவின் ப்ரிஃபெட்ச் இயல்பாவே இப்படித்தான். ஹைபர்னேட்டில் பேட்ச் சைஸ் கொடுத்து மொத்தம் மொத்தமா எடுக்கலாம்.

அதுக்காக, மாடல் கிளாஸிலேயே 'எப்பவும் எல்லாத்தையும் எடு'ன்னு எழுதி வெச்சுடாதீங்க. பேர் மட்டும் காட்டுற பக்கத்துக்கும் மார்க், புத்தகம் எல்லாம் மூட்டை கட்டிட்டு வரும். எந்தப் பக்கத்துக்கு எது வேணுமோ, அந்தக் கொயரியில் அதை மட்டும் கேளுங்க.

இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. ஹைபர்னேட்டில் ஷோ எஸ்.கியூ.எல்.லை ஆன் பண்ணுங்க. ஜாங்கோன்னா டீபக் டூல்பாரை மாட்டுங்க. 5 ரெக்கார்டுக்கு எத்தனை கொயரி, 50-க்கு எத்தனைன்னு எண்ணுங்க. எண்ணிக்கை மாறலைன்னா நீங்க கில்லி. ரெக்கார்டு ஏற ஏற அதுவும் ஏறுதா? வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்கிறதுக்குள்ளே வாளியைத் தேடுங்க!