கல்லில் மருவிய ஒரு பெயர்

ஊர்ப்பெயரும் மக்கட்பெயரும் வழக்கில் சிதைந்து வழங்குதலை நம் இலக்கண நூலார் மரூஉ என்பர். மருவிய பெயருள் மூலப்பெயர் மறைந்து நிற்கும். அதனைத் தேடிக் காண்டல் மொழி பயில்வோர் கடனாகும். இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டின் சாலையோர நினைவுச்சின்னம் ஒன்றனை ஈண்டுக் காண்போம்.

அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்னும் பாலைநிலச் சிற்றூர் உள்ளது. அதன் இடுகாட்டில் கற்களாலான பிரமிடு வடிவச் சின்னம் ஒன்றும், அதன் உச்சியில் ஒட்டக உருவும் காணப்படுகின்றன. 1935ஆம் ஆண்டில் அம்மாநில நெடுஞ்சாலைத் துறையினர் எழுப்பிய அச்சின்னம் தாங்கி நிற்கும் பெயர் 'ஹாய் ஜாலி' என்பதாகும்.

அவர் யாவர்? தென்மேற்குப் பாலையில் படைக்குரிய பொருள்களைச் சுமக்க ஒட்டகங்கள் உதவுமெனக் கருதிய அமெரிக்க நாடாளுமன்றம் 1855இல் 30,000 டாலர் ஒதுக்கிற்று. 1856 மே திங்களில் 34 ஒட்டகங்கள் டெக்சாசின் இண்டியானோலாத் துறையில் வந்திறங்கின. அவற்றின் இயல்பறிந்து பேணுவோரும் தேவைப்பட்டனர். அங்ஙனம் கடல் கடந்து சென்றோருள் ஒருவரே சிரியப் பகுதியினரான ஹாஜி அலி. 1857இல் எட்வர்டு பீல் என்பார் நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை வகுத்தபோது ஒட்டகங்கள் பெருஞ்சுமை தாங்கிப் பயன்பட்டன. எனினும் 1861இல் மூண்ட உள்நாட்டுப் போருக்குப் பின் இம்முயற்சி கைவிடப்பட்டது. எஞ்சிய ஒட்டகங்கள் விற்கப்பட்டன.

ஹாஜி அலியோ தாயகம் திரும்பினாரல்லர். சுரங்கங்களுக்குச் சுமை கொண்டு சென்றும், படைக்கு வழிகாட்டியும் வாழ்ந்தார். 1880இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1902 டிசம்பர் 16இல் குவார்ட்சைட்டில் மறைந்தார். மொஹாவே முதலிய பழங்குடியினர் அவருக்கு நெடுங்காலம் முன்னரே வாழ்ந்த நிலம் அது. ஆதலின் அவரை முன்னோடி எனல் பின்வந்து குடியேறியோரை நோக்கியே பொருந்தும்.

குடியுரிமை பெற்றபோது அவர் கொண்ட பெயர் பிலிப் டெட்ரோ. கல்லில் நிலைத்ததோ மக்கள் வாயில் வழங்கிய பெயரே. 'ஹாஜி' என்பது புனித ஹஜ்ஜினை நிறைவேற்றியவர்க்குரிய சிறப்பு. 'அலி' என்பது உயர்ந்தவர் எனப் பொருள்படும். அயலார் செவியில் இவ்விரண்டும் கூடிக் களிப்பான மனிதர் என்னும் பொருள் தரும் ஆங்கிலப் பெயராயின. மக்கா நோக்கிய அருட்பயணத்தின் அடையாளம் இவ்வாறு ஒரு விளையாட்டுச் சொல்லுள் ஒடுங்கிற்று.

ஆயினும் அக்கல்லைப் பொய்யென நாம் தள்ளிவிடல் ஆகாது. பிறந்த ஊரையும் ஆண்டையும் திட்டமாகச் சொல்லாத அக்கல், பெயரின் ஒலியையேனும் காத்துத் தந்துள்ளது. அவ்வொலியை உரக்கச் சொல்லிப் பார்ப்பார்க்கு 'ஹாஜி அலி' இன்றும் கேட்கும். நம் ஊர்ப் பெரியோர் பெயர்களும் பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் இவ்வாறு மருவிக் கிடத்தல் கூடும். அவற்றின் மூலவடிவை அறிந்தோர் வாழும்போதே கேட்டெழுதி வைத்தல் நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.